நீர் இரண்டு மூன்று டிகிரி சூடேறினால் ஓடையின் உணவு வலையில் என்ன மாறுகிறது?

திருவொற்றியூர் ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் திருவொற்றியூரில் மேல்நிலை வகுப்புகளுக்கு உயிரியல் கற்பித்து வருகிறேன். சூழலியல் பாடத்தில் உணவு வலையை நடத்திவிட்டு, புவி வெப்பமடைவதால் ஆறுகளிலும் ஓடைகளிலும் வாழும் உயிரினங்கள் பாதிக்கப்படும் என்று சொன்னபோது, ஒரு மாணவி எழுந்து, "எங்கள் தெரு முனையில் ஓடும் கால்வாயின் நீர் கோடையில் தொட்டாலே வெதுவெதுப்பாக இருக்கிறது, அதிலேயே ஜிலேபி மீன் துள்ளுகிறது, அப்படியிருக்க இரண்டு டிகிரி கூடினால் மட்டும் என்ன ஆகிவிடும்?" என்று கேட்டாள். ஆக்சிஜன் குறையும், மீன்கள் பாதிக்கப்படும் என்று பொதுவாகச் சொன்னேன். அவள் முகத்தில் நிறைவு தெரியவில்லை. எனக்கும் அந்தப் பதில் போதுமானதாகப் படவில்லை.

பாசியைப் பூச்சி தின்னும், பூச்சியைச் சிறுமீன் தின்னும், சிறுமீனைப் பெருமீனும் கொக்கும் தின்னும் என்ற நேர்கோட்டைத் தாண்டி நம் பாடங்கள் அதிகம் போவதில்லை. அந்தக் கோட்டில் வெப்பம் முதலில் எந்த இடத்தைத் தொடுகிறது? கண்ணாடித் தொட்டியில் அல்லாமல், உண்மையான ஓடைகளில் இதை யாரேனும் அளந்து பார்த்திருக்கிறார்களா? ஏற்கெனவே வெப்பமான நம் ஊருக்கும் குளிர்நாடுகளுக்கும் இதில் வேறுபாடு உண்டா? துறை அறிந்தவர்கள் பொறுமையுடன் விளக்கினால் வகுப்பில் அப்படியே எடுத்துச் சொல்வேன்.

பெரம்பூர் நீர்வாழ்வியல் எழுதியது:

வணக்கம் அம்மா. உங்கள் மாணவியின் கேள்வி மிகச் சரியான இடத்தில் தொடங்குகிறது. மீன் சாகிறதா இல்லையா என்று மட்டும் பார்த்தால் வெப்பத்தின் விளைவு கண்ணில் படாது. அந்த மீனும், அதற்கு இரையாகும் பூச்சியும் உயிரோடு இருப்பதற்கு எவ்வளவு செலவிடுகின்றன என்று பார்த்தால்தான் அது தெரியத் தொடங்கும்.

முதலில் ஆக்சிஜன் கணக்கைப் பார்ப்போம். 20 டிகிரி செல்சியஸ் நன்னீரில் காற்றிலிருந்து கரைந்து நிற்கக்கூடிய ஆக்சிஜன் லிட்டருக்குச் சுமார் 9.1 மில்லிகிராம், 25 டிகிரியில் அது 8.3 ஆகவும் 30 டிகிரியில் 7.6 ஆகவும் குறைகிறது. 25-இலிருந்து 30-க்குப் போகும்போது இழப்பு பத்தில் ஒரு பங்குகூட இல்லை என்பதால், இதை மட்டும் சொன்னால் மாணவர்கள் நம்பத் தயங்குவது இயல்பே. அதே ஐந்து டிகிரியில் குளிர் இரத்த உயிரிகளின் சுவாசம் எவ்வளவு கூடுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வளர்சிதை மாற்றத்துக்கு வழக்கமாக எடுத்துக்கொள்ளப்படும் வெப்பச் சார்பின்படி கணக்கிட்டால், அவற்றின் ஆக்சிஜன் தேவை ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது. பாசியின் ஒளிச்சேர்க்கையோ அதே உயர்வுக்குக் கால் பங்கு அளவே கூடுகிறது. வருமானம் கால் பங்கு ஏறிய வீட்டில் மாதச் செலவு ஒன்றரை மடங்கானால் அந்தக் குடும்பம் என்ன பாடுபடுமோ, அந்தப் பாட்டைத்தான் ஓடையின் உணவு வலை படுகிறது. உணவு வலையில் மேலே போகப் போக இந்த நெருக்கடி கூடும். ஒவ்வொரு படியிலும் உண்டதில் பெரும்பகுதி சுவாசத்திலேயே கரைந்துபோவதால், உச்சியில் இருக்கும் பெரிய வேட்டையாடிக்குக் கிடைக்கும் மிச்சம் முதலிலேயே மிகக் குறைவு.

இரண்டாவதாக, ஓடையின் உணவு பாசியிலிருந்து மட்டும் வருவதில்லை என்பதை வகுப்பில் அழுத்திச் சொல்லுங்கள். மரங்கள் அடர்ந்த சிற்றோடையில் வெயில் அதிகம் விழாது. அங்கே கரை மரங்கள் உதிர்க்கும் சருகுதான் முதன்மை உணவு. நீரில் விழுந்த இலை உடனே உண்ணப்படுவதில்லை. சில நாள்களில் அதன் மேல் பூஞ்சையும் பாக்டீரியாவும் படர்ந்து, கடினமாக இருந்த இலை பதமாகி, சத்தும் கூடுகிறது. அதன் பிறகே கேடிஸ்ஃப்ளை, ஸ்டோன்ஃப்ளை போன்ற பூச்சிகளின் இளம்புழுக்களும் நன்னீர் நண்டுகளும் இறால்களும் வந்து நரம்பை மட்டும் விட்டுவிட்டு இலையைச் சுரண்டித் தின்கின்றன. அப்படி நைந்து மிதந்து வரும் துகள்களைக் கீழே வலை பின்னிக் காத்திருக்கும் வேறு பூச்சிகள் வடிகட்டி உண்கின்றன. கல்லைப் புரட்டிப் பார்த்தால், அதன் அடிப்பக்கத்தில் மணற்பரல்களை ஒட்டிக் கட்டிய விரல்நக அளவுக் கூட்டுக்குள் கேடிஸ்ஃப்ளையின் புழு ஒளிந்திருப்பதைக் காணலாம்.

இந்தச் சருகு வழியை வெப்பம் எப்படித் திருப்புகிறது என்பதைச் சோதிக்க, நிலநடுக்கோட்டுப் பகுதியிலிருந்து குளிர்நாடுகள் வரை 22 இடங்களில் ஒரே வகை மரத்தின் இலைகளை வலைப்பைகளில் கட்டி ஓடைகளில் இட்டு ஒரு கூட்டு ஆய்வு நடத்தினார்கள். அது 2011-இல் வெளியானது. மொத்தத்தில் இலை மக்கும் வேகம் வெப்பத்தால் பெரிதாக மாறவில்லை. ஆனால் மக்கவைப்பது யார் என்பது மாறியது. வெப்பமான ஓடைகளில் நுண்ணுயிரிகளின் பங்கு கூடி, இலை தின்னும் விலங்குகளின் பங்கு குறைந்தது. இதை நான் மிக முக்கியமான முடிவாகக் கருதுகிறேன். பூச்சி தின்ற இலை பூச்சியின் உடலாகி மீனுக்கும் தவளைக்கும் போய்ச் சேருகிறது. நுண்ணுயிரிகள் தின்றதில் பெரும்பகுதி கரியமில வாயுவாக வெளியேறிவிடுகிறது. இலை கரைந்துபோவதை மட்டும் கரையிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

உண்மையான ஓடைகளில் அளந்திருக்கிறார்களா என்று கேட்டிருந்தீர்கள். கனடாவின் டொரன்டோ அருகே ஒரு சிற்றோடையை நீளவாக்கில் இரண்டாகத் தடுத்து, ஒரு பாதியை மட்டும் 2 முதல் 3.5 டிகிரி வரை சூடாக்கிப் பார்த்த ஆய்வு 1996-இல் வெளியானது. சூடான பாதியில் உயிரிகளின் மொத்த எண்ணிக்கை குறைந்தது. சில பூச்சிகள் விரைவாக வளர்ந்து, சிறிய உடலோடு முதிர்ந்து, முன்கூட்டியே சிறகு முளைத்து வெளியேறின. வேல்ஸ் நாட்டு மலையோடைகளில் 1981 முதல் 2005 வரை சேர்த்த தரவுகளைக் கொண்டு, நீரின் வெப்பம் ஒரு டிகிரி உயர்ந்தால் இளவேனிலில் காணப்படும் முதுகெலும்பற்ற உயிரிகளின் எண்ணிக்கை சுமார் 21 விழுக்காடு குறையக்கூடும் என்று மதிப்பிட்டார்கள். ஐஸ்லாந்தின் ஹெங்கில் பகுதியில், நிலத்தடி வெப்பத்தால் 5 டிகிரி ஓடையும் 25 டிகிரி ஓடையும் அருகருகே ஓடுகின்றன. மண்ணும் வானிலையும் ஒன்றாக இருக்க, வெப்பம் மட்டும் வேறுபடும் அரிய இடம் அது. அங்கே நீர் சூடாக ஆக, உயிரினங்களும் அவற்றிடையே உள்ள உண்ணும் தொடர்புகளும் குறைந்து உணவு வலை எளிமையாகிவிடுகிறது என்று 2019-இல் வெளியான ஆய்வு காட்டியது.

இவற்றுள் என்னை நெடுநாள் யோசிக்க வைத்தது ஜெர்மனியின் பிரைட்டன்பாக் ஓடைத் தரவுதான். ஓடையின் ஒரு பகுதிக்கு மேல் கண்ணாடிக் கூடம்போல் அமைத்து, நீரிலிருந்து சிறகோடு எழும் பூச்சிகளை 1969 முதல் 2010 வரை ஆண்டுதோறும் பிடித்து எண்ணினார்கள். தொழிற்சாலையோ பெருநகரமோ கெடுக்காத அந்த ஓடையின் நீர் அக்காலத்தில் 1.88 டிகிரி சூடேறியது. பூச்சிகளின் எண்ணிக்கை 81.6 விழுக்காடு குறைந்தது. பூச்சிகள் உச்ச அளவில் வெளிவரும் காலமும் ஏறத்தாழ இரண்டு வாரம் முன்னால் நகர்ந்துவிட்டது. ஆனால் இன வகைகளின் எண்ணிக்கை குறையவில்லை, சற்றுக் கூடவே செய்தது. எத்தனை வகை இருக்கிறது என்று பட்டியல் போட்டுப் பார்த்தவர் ஓடை நலமாக இருக்கிறது என்றே சொல்லியிருப்பார். அந்தப் பூச்சிகளை நம்பிக் கரையோரம் வாழும் சிலந்திக்கும் பறவைக்கும் வௌவாலுக்கும் தேவைப்படுவதோ வகைகளின் பட்டியல் அல்ல, வயிறு நிறையும் அளவு பூச்சிகள்.

கடைசியாக நம் ஊர் பற்றி. ஆண்டு முழுவதும் வெப்பநிலை அதிகம் மாறாத இடங்களில் வாழும் உயிரிகள் குறுகிய வெப்ப எல்லைக்குள்ளேயே பழகியிருக்கும் என்ற கருத்தை அமெரிக்கச் சூழலியலாளர் டேனியல் ஜான்சென் (Janzen) 1967-இலேயே முன்வைத்தார். உறைபனியும் வெயிலும் பார்த்த குளிர்நாட்டுப் பூச்சிக்கு மேலே ஏற இன்னும் இடம் இருக்கிறது. வெப்பமண்டல உயிரிகள் பலவும் தாங்கும் எல்லைக்கு அருகிலேயே ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருக்கின்றன. ஆகவே, வெப்பமான ஊர் என்பதால் நமக்குக் கவலை குறைவு என்ற எண்ணம் சரியன்று.

கொளத்தூர் வண்ணமீன் எழுதியது:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். நான் ஆய்வாளன் அல்லன். கொளத்தூரில் வண்ணமீன் வளர்த்து விற்கும் குடும்பத்தைச் சேர்ந்தவன். பெரம்பூர் நண்பர் சொன்னவற்றில் சிலவற்றைச் சிமெண்ட் தொட்டிகளில் நாங்கள் ஆண்டுதோறும் பார்க்கிறோம் என்பதால் எழுதுகிறேன்.

அக்கினி நட்சத்திரக் காலத்தில் எங்கள் தொட்டிகளில் முதலில் தடுமாறுவது கோல்டுஃபிஷ். விடியும் நேரத்தில் அவை நீரின் மேற்பரப்புக்கு வந்து வாயை நீட்டிக் காற்றை விழுங்கும். பக்கத்துத் தொட்டியில் இருக்கும் ஃபைட்டரும் குராமியும் அப்போதும் அமைதியாகவே இருக்கும். நேரடியாகக் காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு அவற்றுக்கு உண்டு. நம் ஊர் விராலுக்கும் பனையேறிக் கெண்டைக்கும் தேளிக்கும் அதே வகைத் திறன் இருக்கிறது. ஆகவே உங்கள் மாணவி கால்வாயில் மீனைப் பார்த்தாள் என்றால், அங்கே எல்லா மீன்களும் வாழ முடியும் என்று பொருள் கொள்ள வேண்டாம். இப்படிக் காற்றை விழுங்கியோ, ஜிலேபியைப் போல எதையும் தாங்கியோ நிற்கக்கூடிய சில வகைகளே எஞ்சியிருக்கும்.

இரையிலும் இதையே பார்க்கிறேன். நாங்கள் மீனுக்குப் போடும் ட்யூபிஃபெக்ஸ் புழுவும் இரத்தப்புழுவும் செக்கச் செவேலென்று இருப்பதற்குக் காரணம் அவற்றின் உடலில் உள்ள ஹீமோகுளோபின். ஆக்சிஜன் குறைந்த சேற்றில் அவை பிழைத்திருப்பது அதனால்தான். அத்தகைய புழுவும்கூட, வாங்கி வந்து தட்டில் போட்டுச் சொட்டுச் சொட்டாக நீர் ஓடவிடாமல் ஒரு கோடைப் பகல் அப்படியே வைத்துவிட்டால், மாலைக்குள் வெளுத்து, கொத்தாகச் செத்து நாறிவிடும். ஓடும் நீரின் அருமையை எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்தத் தட்டுதான். வெயில் காலத்தில் மீன் அதிகம் தின்னும் என்று நம்பி இரையைக் கூட்டிப் போடுவதும் கூடாது. மிச்சம் அழுகி, இருக்கும் ஆக்சிஜனையும் தின்றுவிடும். பகலில் நிழல்வலையும் இரவில் ஏரேட்டரும் இல்லாமல் அந்த இருபத்தைந்து நாள்களை இங்கே யாரும் கடத்துவதில்லை. ஓடைக்கு இந்த இரண்டையும் யார் தருவார்கள் என்பதுதான் என் கவலை.

திருவொற்றியூர் ஆசிரியை எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. வகைகளின் எண்ணிக்கை குறையாமலே பூச்சிகள் அருகிப்போகலாம் என்பது எனக்குப் புதிய செய்தி. இன்னும் ஒரு கேள்வி இருக்கிறது. எங்களுக்கு மிக அருகில் இருப்பது எண்ணூர் கழிமுகம். அங்கே அனல்மின் நிலையங்களின் குளிர்விப்பு நீர் சூடாக வந்து கலக்கிறது. வெப்பமடைந்த நீரின் உணவு வலைக்கு அதையே நேரடி எடுத்துக்காட்டாக மாணவர்களுக்குக் காட்டலாமா? அல்லது கொசஸ்தலையாற்றின் மேல்பகுதிக்குத்தான் போக வேண்டுமா?

மீஞ்சூர்க்காரர் எழுதியது:

அம்மா, கழிமுகத்தை நன்னீர் ஓடைக்கு எடுத்துக்காட்டாகக் காட்ட வேண்டாம் என்பது என் கருத்து. அது கடலும் ஆறும் கலக்கும் உவர்நீர். ஓதம் ஏறி இறங்கும்போது உப்பும் வெப்பமும் சேர்ந்தே மாறுகின்றன. மடவையும் இறாலும் நண்டும் வாழும் அந்த நீரில் சாம்பலும் எண்ணெயும் கழிவுநீரும் கலந்து நெடுங்காலம் ஆகிறது. அங்கே ஓர் உயிரி குறைந்தால், அது வெப்பத்தால்தான் என்று எந்த ஆசிரியரும் உறுதியாகச் சொல்ல முடியாது. அங்குள்ள மீனவர்களின் இழப்பு தனியாக, முழுமையாகப் பேசப்பட வேண்டிய ஒன்று. அதைப் பாட எடுத்துக்காட்டாகச் சுருக்கிவிடவும் எனக்கு மனமில்லை.

கொசஸ்தலையாறு பூண்டி நீர்த்தேக்கத்திலிருந்து தாமரைப்பாக்கம், வல்லூர் அணைக்கட்டுகளைக் கடந்து எண்ணூருக்கு வருகிறது. பூண்டி 1944-இல் கட்டப்பட்ட பிறகு, சென்னையின் குடிநீருக்காக ஆற்று நீர் கால்வாய் வழியே சோழவரத்துக்கும் புழலுக்கும் போய்விடுவதால், அதன் கீழே மழைக்காலம் தவிர மற்ற மாதங்களில் ஆறு பெரும்பாலும் மணலாகத்தான் கிடக்கிறது. வடகிழக்குப் பருவமழை நின்றதும் ஓட்டம் அறுந்து, நீர் மடுக்களில் தேங்குகிறது. தை, மாசி வரை கெண்டையும் கெளுத்தியும் விராலும் தும்பியின் இளம்புழுவும் அந்த மடுவுக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன. நீர் சுருங்கச் சுருங்க, ஒளிய இடமில்லாத சிறுமீன்களை விராலும் நாரையும் கொக்கும் முடித்துவிடுகின்றன. வெப்பம் கூடினால் ஆவியாதலும் கூடும் என்பதால், மடு வற்றும் நாள் முன்னால் வருகிறது. பனிநாட்டு ஓடையில் நீரின் சூடு கொல்வதை, இங்கே நீரின்மை முந்திக்கொண்டு செய்துவிடுகிறது.

இதில் நிலத்தடி நீருக்கும் பங்கு உண்டு. ஊற்று சுரக்கும் ஆற்றில், மண்ணுக்குள்ளிருந்து வரும் நீர் கோடையில் குளுமையைத் தந்து மடுவைக் காப்பாற்றும். எங்கள் மீஞ்சூர்ப் பகுதியில் அளவுக்கு மீறி உறிஞ்சியதால் நிலத்தடி நீர்மட்டம் தாழ்ந்து, 1960-களின் இறுதியிலேயே கடல்நீர் உள்ளே புகுந்தது கண்டறியப்பட்டது. நீர்மட்டம் ஆற்றுப் படுகைக்கும் கீழே இறங்கிவிட்டால், ஊற்று ஆற்றுக்கு நீர் தருவதற்கு மாறாக ஆறுதான் மண்ணுக்கு நீர் தருகிறது. வெப்பமாதலைப் பற்றி நம் பகுதியில் பேசும்போது ஆழ்துளைக் கிணறுகளையும் மணல் அள்ளுதலையும் விட்டுவிட்டுப் பேசினால் அது பாதிப் பேச்சாகவே இருக்கும்.

பெரம்பூர் நீர்வாழ்வியல் எழுதியது:

மீஞ்சூர் நண்பர் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். கழிவு கலந்த நீரில் வெப்பம் தனி வழியில் வேலை செய்வதில்லை. கழிவை மக்கவைக்கும் பாக்டீரியாவும் சூடேற ஏற விரைந்து சுவாசிப்பதால், வெப்பமும் கழிவும் ஒரே ஆக்சிஜன் இருப்பைத்தான் குறைக்கின்றன. ஆகவே, நம் கையில் இல்லாத வெப்பத்துக்கு நாம் என்ன செய்ய முடியும் என்று மாணவர்கள் கேட்டால், கழிவைத் தடுப்பதும், கரையில் நீர்மருது, நாவல், புங்கை போன்ற மரங்களை நிற்க விடுவதும், பருவத்துக்கேற்பக் கொஞ்சம் நீரை ஆற்றில் ஓட விடுவதும் அந்த இருப்பை நேரடியாகக் கூட்டும் செயல்கள் என்று சொல்லலாம். மர நிழல் பட்ட ஓடைக்கும் வெட்டவெளியில் ஓடும் ஓடைக்கும் கோடைப் பகலில் சில டிகிரி வேறுபாடு சாதாரணமாகவே இருக்கும். நாம் அஞ்சும் வெப்ப உயர்வின் அளவும் அதுதான்.

மாணவர்களைக் கொண்டே இதைச் செய்து பார்க்க விரும்பினால், ஒரே வாய்க்காலில் நிழலான ஓரிடத்தையும் வெயில் விழும் ஓரிடத்தையும் தேர்ந்தெடுங்கள். ஆழமும் ஓட்டமும் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கட்டும். காய்ந்த புங்கை இலையைச் சம எடையாகப் பிரித்து, பாதியை வெங்காய மூட்டை வலையிலும் மீதியை இரண்டு மடிப்பாக மடித்த கொசுவலைத் துணியிலும் கட்டி, கல்லோடு சேர்த்து நீரில் இறக்குங்கள். சில வாரம் கழித்து எடுத்துக் கழுவி, உலர்த்தி, எடை போடுங்கள். அகலக் கண் வலைக்குள் விலங்குகள் புக முடியும், கொசுவலைக்குள் பெரும்பாலும் நுண்ணுயிரிகள் மட்டுமே வேலை செய்யும் என்பதால், இரண்டு எடை இழப்புகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு விலங்குகளின் பங்கைக் காட்டும். பைகளை நீரில் இறக்குவதும் எடுப்பதும் பெரியவர்கள் வேலையாக இருக்கட்டும். கழிவுநீர் கலக்கும் இடத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

ஆக்சிஜனையும் அளப்பதென்றால் நேரத்தில் கவனம் தேவை. பாசி நிறைந்த நீரில் பிற்பகல் மூன்று மணிக்கு எடுத்தால், ஒளிச்சேர்க்கையால் கரைந்த ஆக்சிஜன் தேவைக்கு மேலேயே இருப்பதாகக் காட்டும். இரவு முழுவதும் எல்லா உயிர்களும் சுவாசித்து முடித்த பின், கதிரவன் எழுவதற்குச் சற்று முன்புதான் அது மிகத் தாழ்ந்திருக்கும். கொளத்தூர் நண்பரின் மீன்கள் விடியலில் வாயை நீட்டுவதும் அதனால்தான். ஆகவே, இரண்டு நேரத்திலும் மாதிரி எடுங்கள். குப்பியைக் காற்றுக்குமிழி இல்லாமல் நிரப்பி, மாங்கனீசு சல்பேட்டையும் கார அயோடைடையும் கரையிலேயே சேர்த்து மூடிவிட்டால், ஆக்சிஜன் வீழ்படிவாகப் பிணைந்துவிடும். பள்ளி ஆய்வகத்துக்கு எடுத்து வந்து, அமிலம் சேர்த்து, ஸ்டார்ச் நிறங்காட்டியைக் கொண்டு தயோசல்பேட்டால் தரம் பார்க்கலாம். அமிலத்தை மட்டும் மாணவர்கள் கையில் கொடுக்காமல் நீங்களே சேர்த்துவிடுங்கள்.